யாருக்கு யார் அத்தை

"வலி எங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க" என்றார் டாக்டர், சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து. நோயாளியைப் பார்த்தே கேட்கச் சொல்லிச் சொல்லி மொழிபெயர்ப்பவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, காது கேளாத நோயாளியின் மாமியார் வேறு குறுக்கே புகுந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்றேன்."

காதில் விழுந்த எதையும் விழுங்கக்கூடாது என்பது தொழில் தர்மம். மாமியார் சொன்னதையும் இவள் சைகையில் சொன்னாள். மருமகளின் விரல்கள் சீறின. அதற்கும் இவள்தான் குரல் கொடுத்தாள்.

"என் வயித்துவலி எனக்குத் தெரியாதா அத்தை?"

"நான் எப்ப உனக்கு அத்தை ஆனேன்?" என்று மாமியார் இவள்மேல் பாய்ந்தாள்.

"ஐயோ, பேசறது நான் இல்லம்மா. உங்க மருமக."

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ இவ்வளவு பேசுவாளா?"

விரல்கள் நிதானமாக அசைந்தன. மொழிபெயர்ப்பவள் அலுப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணமான நாள்லேருந்து பேசிட்டுத்தான் இருக்கேன், அத்தை."