ஏழு கப்பல்

நாலு நாளாக என் கணவர் சாதிக் பாட்ஷா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். பெருநாள் லீவுக்கு செஷல்ஸ் தீவுகளில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, கேப்டன் இல்லாமல் தாமே ஓட்டுவதாகத் திட்டம். படகுக் கம்பெனி அனுப்பிய படிவத்தில், ஓட்டுபவரின் கடல் அனுபவம் என்ன என்று ஒரு கேள்வி. "கீழக்கரையில் எங்கள் பாட்டனாருக்கு ஏழு கப்பல்" என்று எழுதி அனுப்பினார். "உங்கள் அனுபவத்தைத்தான் கேட்டோம்" என்று பதில் வந்தது. அன்று தொடங்கிய நடை.

"ஒரு கேப்டனையும் சேத்துக் கேளுங்களேன்," என்றேன்.

"எங்க குடும்பத்துல சுக்கான வேற ஆளு கையில குடுக்கிறதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வளைகுடா ஊரில், தேராவில் கடை வைத்திருந்தும், ஊரை இரண்டாகப் பிரிக்கும் க்ரீக் என்கிற கடல்கழியின் அக்கரைக்குப் போக அப்ராப் படகில் ஏறினால் தலை சுற்றும் என்று, பதினாறு வருடமாகப் பாலம் வழியாகச் சுற்றிப் போகிற மனுஷன் இவர்.

"வாங்க," என்று படகுத்துறைக்கு இழுத்துப் போனேன். அப்ரா நகர்ந்ததும் என் கையைப் பிடித்தவர், அக்கரை சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திரும்பி வந்தது டாக்ஸியில், பாலம் வழியாகச் சுற்றி.

வீட்டில் அவர் நடக்கவில்லை. படிவத்தை எடுத்து, அனுபவம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: ஐந்து நிமிடம்.