பூசையில் படித்த இரண்டு பெயர்கள்

எல்சி டீச்சருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வியாழக்கிழமை வரை ஊர் சும்மா இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவள் மகன் ஜெனித்துக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். கப்பல் பட்டறையில் வேலை. அதற்குள் வெட்டுக்குத்து என்று ஏதாவது வந்தால் மேலத்தெருப் பையன்கள் அத்தனை பேர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். ஏறினால் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேங்காய் உரிக்கப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்தா மேலத்தெருப் பையன்களை ஆட்டிவைக்கிற ரெமிஜியஸ் ஒரு பூசைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும்?

பேராவூரணிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், யார் யாருக்காகப் பூசை என்று ஞாயிற்றுக்கிழமை மைக்கில் படிப்பது எல்சியின் வேலை. கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கி அதைக் கீழத்தெரு வரைக்கும் கொண்டுபோகும். வயலில் நிற்கிறவன்கூடத் தன் வீட்டில் செத்தவர் பெயர் வந்தால் மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். ரெமிஜியஸின் சீட்டில் 'மாவீரர், இனக்காவலர் அண்ணன் பஞ்சநதம் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று இருந்தது. போன வாரம் யாரோ வெட்டிக் கொன்ற சாதித் தலைவர். வேதக்காரர்கூட இல்லை, ஞானஸ்நானமே வாங்காதவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைத்தெருவில் அவர் பேசியதை எல்சியும் கேட்டிருந்தாள். தீ வை என்று அவர் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோஷம் இருக்கு, எனக்குத் தெரியும்" என்று பாராட்டினார், அவ்வளவுதான். விடிவதற்குள் கீழத்தெருவில் பதினோரு குடிசைகள் எரிந்துவிட்டன. அம்சத்தின் புருஷன் ரெத்தினம் உள்ளேயே கருகிப் போனான். பேச்சுக்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். இருக்கும், இருக்கும். சம்பந்தமில்லாமல்தான் எரிந்தது.

"இதைப் படிச்சா கீழத்தெருவுல என்ன நினைப்பாங்க, ரெமிஜியஸ்?" என்றாள் எல்சி.

"படிக்காம விட்டா நம்ம தெருவுல என்ன நினைப்பாங்கன்னும் யோசிங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

புதிதாக வந்திருந்த சாமியாரிடம் கேட்டாள். கேட்டவர் யாருக்கும் பூசை உண்டு, படியுங்கள் என்றுவிட்டார். அவருக்கென்ன, அடுத்த ஊர்ப் பூசைக்கு பைக்கில் ஏறிப் போய்விடுவார். ஜெனித்தோ, "நீ படிச்சா என்ன, படிக்காட்டி என்னம்மா? வெட்டுறவன் பூசை கேட்டுட்டா வெட்டப் போறான்?" என்றான்.

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் இரண்டு பேரையும் எழுப்பிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது எல்சியின் வழக்கம். இருபது வருஷ வாத்தியார் புத்தி இங்கேயும் அதையே செய்தது. 'மாவீரர், இனக்காவலர்' இரண்டையும் அடித்தாள். கீழே தன் கையெழுத்தில் இன்னொரு பெயரைச் சேர்த்தாள். இரண்டு தெருவுக்கும் சமமாகிவிட்டது என்று அவளுக்கு நிம்மதிகூட வந்தது.

ஞாயிறு காலையில் அப்படியே படித்தாள். "பஞ்சநதம், ரெத்தினம், இவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக."

ஆண்கள் பக்கத்தில் ரெமிஜியஸ் எழுந்தான். வெளியே போகிற போக்கில், பின்னால் நின்றிருந்த ஜெனித்தின் தோளில் கையைப் போட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போனான். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பாதி பெஞ்சு காலியான கோயிலில் சாமியார் பூசையை முடித்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

மகனைத் தேடி எல்சி வாசலுக்கு ஓடினாள். கேட்டுக்கு வெளியே அம்சம் நின்றிருந்தாள். நாற்றுப் பறிக்கிற இடத்திலிருந்து வந்திருக்கிறாள், முழங்கால் வரை சேறு.

"எம் புருசன் பேரை யாரைக் கேட்டு அந்த ஆளு பேரோட சேத்தீங்க?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் அம்சம். ரெண்டு பக்கமும் மனசு ஆறட்டும்னு..."

"எரிச்சவனுக்கும் எரிஞ்சவனுக்கும் ஒரே பூசையா? அந்த ஆளு செத்த அன்னிக்கு எங்க தெருவுல பயலுவ வெடி போட்டுக் கொண்டாடப் பாத்தானுவ. நான்தான் கால்ல விழுந்து தடுத்தேன். ரெண்டு வருசமா அவனுவளை நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி தடுக்கச் சொல்றீங்க?"

தான் செய்தது தப்பு என்று எல்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் ஒரு பெண்ணின் துக்கத்தை எடுத்துத் தராசில் போட்டிருக்கிறாள், அதுவும் தன் பிள்ளையின் பயணத்துக்காக.

அப்போது கோபுரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது. பக்கக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் மைக்கைப் போட்டிருந்தார்கள். மைக்கில் ஏறாமல், கோயிலுக்குள்ளிருந்து ரெமிஜியஸின் குரல் வாசல் வரைக்கும் முதலில் வந்தது. "சொல்லுடா. உங்கம்மா பண்ணுன கேவலத்துக்கு நீயே பதில் சொல்லு."

அடுத்து ஒலிபெருக்கியில் வந்தது ஓர் இளங்குரல். "மாவீரர்... அண்ணன் பஞ்சநதம்... வாழ்க."

"சத்தமா!" என்று மறுபடி உள்ளிருந்து.

"மாவீரர் அண்ணன் பஞ்சநதம் வாழ்க!"

"ஜெனித் தம்பி குரல்தானே இது?" என்றாள் அம்சம். கோபம் போய், அவள் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. பயம்.

"அவனாச் சொல்லலை அம்சம்! அடிச்சுச் சொல்ல வைக்கிறாங்க! உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் அம்சம், கீழத்தெருப் பக்கம் பார்த்தபடி. "அங்க கேட்டுக்கிட்டு இருக்கிறவனுக்குத் தெரியுமா?"