குல்லாவின் வாசனை

தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் திமிரில்தான், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று, மனைவியின் மார்பில் பால் எடுக்கும் பம்பிலும் கை வைத்தேன்.

எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட எங்கள் மகள் அதே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி கீழே இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். சாயங்காலத்துக்குள் கொஞ்சமாவது தாய்ப்பால் வேண்டும், இல்லாவிட்டால் மாவுப்பால்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாளாகியும் பாட்டிலில் நாலு சொட்டுக்கு மேல் விழவில்லை. நான் பம்பின் வேகத்தைக் கூட்டினேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினேன்.

நர்ஸ் வந்து பம்பை அணைத்தார்.

"என்ன தம்பி, போர்வெல்லா போடறீங்க?"

"பால் இருக்கா இல்லையா சிஸ்டர்?"

"இருக்கு. பால சுரக்க வைக்கிறது ஒரு ஹார்மோன். வெளிய தள்ளிவிடறது இன்னொண்ணு, ஆக்ஸிடோசின். பிரசவத்துல வலியக் குடுத்துப் பாப்பாவ வெளிய தள்ளுனதும் அதேதான். ஆனா மனசு பயந்துட்டா அது லேசுல வராது. நீங்க வேற தலைமாட்டுல நின்னு உச்சுக்கொட்டறீங்க. கீழ போய் பாப்பாவோட குல்லாவ வாங்கிட்டு வாங்க."

பாலுக்கும் குல்லாவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனேன்.

ஆரஞ்சுப் பழத்துக்குப் போடலாம், அவ்வளவு சின்னக் குல்லா. மனைவி அதை மூக்கோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடினாள். நர்ஸ் பம்பை மெதுவாக ஓடவிட்டுப் போனார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில், "அடிவயிறு இழுத்துப் பிடிக்குதுங்க" என்று முனகினாள். பதறியடித்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"நல்ல சேதிதான். அதே ஹார்மோன் கர்ப்பப்பையையும் சுருக்குது. போய் பாட்டிலப் பாருங்க."

பாட்டிலில் மஞ்சளாய் ஒரு விரற்கடைப் பால் நின்றது. இடையில் இரண்டு மாடி. குழாயும் இல்லை, கம்பியும் இல்லை. மகளின் வாசனை பட்டதும் அந்த உடம்பு வழி விட்டிருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு சுவிட்சை நான் பார்த்ததில்லை. மனைவியைக் கும்பிடலாம் போலிருந்தது.

"தெரியாம கை வச்சிட்டேன்" என்றேன்.

"அத அப்புறம் பேசலாம். மொதல்ல அவளுக்குக் கொண்டு போங்க."

இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். லிஃப்டை நம்பவில்லை. அதையும் என்னைப் போல ஒருவன்தானே பழுது பார்த்திருப்பான்.