தேவிஸ்ரீ எட்டிய ஐந்தாம் நிலை

செலண்டார் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் போதிக்கிறேன். கோபக்காரி என்று எனக்குப் பெயர். ஆனால் இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இவ்வருடம் கல்வி இலாகாவிலிருந்து ஒரு செயலி வந்தது. பிள்ளை வீட்டில் கைப்பேசியைப் பார்த்து ஆங்கிலக் கதை வாசித்தால், அது கேட்டு நட்சத்திரம் போடும். நட்சத்திரம் சேரச் சேர நிலை உயரும். "தினமும் நட்சத்திரம் வந்தாகணும், சாக்குப்போக்கு வேண்டாம்" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் காட்டமாக எழுதியவள் சாட்சாத் நானேதான்.

இரண்டாம் ஆண்டு மாணவி தேவிஸ்ரீக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டவே வராது. அவள் செயலியில் உச்சமான ஐந்தாம் நிலையில் நின்றாள். அடி சக்கை என்று கதையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முதல் வார்த்தையிலேயே அழுதுவிட்டாள்.

"வீட்டுல ஷாமினி அக்காதான் படிப்பாங்க, டீச்சர்."

ஷாமினி அவளுடைய பெரியப்பா மகள், இடைநிலைப்பள்ளி மாணவி. தேவிஸ்ரீயின் அம்மாவை அழைத்தேன். பத்து பெரண்டாம் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையின் சீருடையோடு வந்தார்.

"நட்சத்திரம் வரலன்னா குரூப்புல பேர் போட்டுருவீங்கன்னு பயம் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் எங்க லா தெரியும்? பாப்பா படிச்சா போன் தப்பு தப்புன்னே காட்டுது. அதான் ஷாமினிய படிக்கச் சொன்னேன்."

பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு ஆளெடுப்பதும் இப்போது அந்தச் செயலியின் கணக்குப்படிதான். பட்டியலில் தேவிஸ்ரீ இல்லை.

தலைமையாசிரியர் பரமேஸ்வரனிடம் சண்டைக்கே போனேன்.

"ஏறின நிலைய இறக்க வழி இல்லையாம், டீச்சர். மேல ரெண்டு தடவ எழுதிட்டேன். சிஸ்டம் அப்படித்தான்னு பதில் வருது. அடுத்த வருஷம் பாப்போம்."

பள்ளி முடிந்து நானே சொல்லித் தரலாம் என்றால், அவள் போகும் வேன் ஒன்றரைக்கே கிளம்பிவிடும். அம்மா வேலை முடிந்து வர இரவாகிவிடும். பாழாய்ப்போன என் வாய் அன்று வாட்ஸ்அப் குழுவில் சும்மா இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை மொத்தப் பள்ளியும் நிற்கும் சபைகூடலில் ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு நற்சான்றிதழ். அதுவும் மேலிடத்திலிருந்தே ஆங்கிலத்தில் பெயரோடு அச்சாகி வந்துவிட்டது. கைதட்டல் அடங்கியதும் தேவிஸ்ரீ என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ் நல்லா வாசிக்கிற பிள்ளைன்னு எழுதியிருக்கும்மா."



"அப்ப இது ஷாமினி அக்காவோடது, டீச்சர்" என்று என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.