ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓமனா

1

இந்தக் கதை ஒரு நீல ஒயரிலிருந்து பிறந்தது. அதை ஒருவர் பிடுங்கினார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வெளியே சொல்லலாமா கூடாதா என்பதில் எனக்கும் என் மனைவி ஓமனாவுக்கும் சண்டை இன்னும் தீரவில்லை. அதனால் முதல் வரியை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். அடித்தவற்றையும் உங்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

[ஐப்பசி மதியம், வேளிமலைமேல் மேகம் இருட்டிக்கொண்டு வர,]

மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைப்பவன். வேண்டாம்.

[கிளஸ்டர் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள்]

இதைப் படித்த ஓமனா, பரீட்சைக்கு யாரும் படிக்கிறார்களா என்று கேட்டாள்.

[அன்று மதியம் என் மனைவி இரண்டாக இருந்தாள்.]

இது அப்படியே நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஆஸ்பத்திரி தக்கலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்திறங்கித் தேட வேண்டாம், கதைக்காக நானே கட்டியது. பழைய கட்டடம் ஒன்று, புதிய கட்டடம் ஒன்று, நடுவில் முற்றம். கட்டடத்துக்கு ஒரு சர்வர். ஆனால் நோயாளிகளின் விவரமெல்லாம் கிடக்கிற டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் அதில் எழுத வேண்டும். மற்றது காத்திருக்கும். எழுதுகிற சர்வர் செத்துப்போனால், காத்திருந்தது எழுத வரும்.

செத்துப்போனது அதற்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்த நீல ஒயர். முற்றத்தைத் தாண்டிப் போகும் அதன் வழியே இரண்டும் ஓயாமல் ஒன்றுக்கொன்று ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் நமக்கு அது கேட்பதில்லை. நம் தலைக்கு மேலே இப்படியொரு பேச்சு இராப்பகலாக நடக்கிறது என்று அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போதும் எழுதும்போது அப்படித்தான் இருக்கிறது.

(இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் ஜிஷா. அந்த ஆஸ்பத்திரியின் கணினிகள் அவள் பொறுப்பு. முந்தைய பிரதி ஒன்றில் அவளுக்குப் பிரிந்துபோன கணவன் ஒருவனை உண்டாக்கியிருந்தேன். இரண்டு சர்வர், பேச்சு நின்றுபோன தம்பதி என்று பொருத்தம் பார்த்தேன். படித்துவிட்டு, “நானும் அவரும் நல்லாத்தானே இருக்கோம் அண்ணே, எதுக்கு எங்களப் பிரிக்கிய?” என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.)

3

ஓமனாவுக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் என்றிருந்த ஆப்பரேஷனை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய கட்டடத்தின் வரவேற்பில் ஞானபாய் அக்கா எங்கள் விவரத்தைப் பதிந்துகொண்டிருந்தார். (அவர் பெயர் இதுவல்ல.) இடி வெட்டியது. அக்கா பேச்சை நிறுத்தவில்லை, நாற்காலியைவிட்டு எழவுமில்லை. பின்னால் கையைவிட்டு, அந்தச் சுவர் வழியாக முற்றத்துக்குப் போகும் நீல ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

ஒரு பிரதியில் அக்காவை நான் அலட்சியக்காரி ஆக்கியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் பொய். எங்கள் ஊரில் துலா என்கிற ஐப்பசி மாதத்து இடி பொல்லாதது. வானம் உறுமினால் வெளியே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்னால் டிவி ஒயரைப் பிடுங்குகிறவர்கள் நாங்கள். போன வருஷம் இப்படியே ஒயரைப் பிடுங்கிக் கணினியைக் காப்பாற்றியதற்காக, கிறிஸ்துமஸ் விழாவில் அக்காவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அப்போது அது சாதாரண ஒயர். இரண்டு சர்வரையும் சேர்த்துக் கட்டிய கிளஸ்டர் வந்த பிறகு அது என்ன ஒயராக மாறிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் ஓமனாவுக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி மூச்சுமுட்டிப் பிழைத்தவள் அவள். அதைச் சொன்னாள். அக்கா அதை நிதானமாக டைப் செய்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தும் காட்டினார்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடத்து சர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்ற சத்தம் நின்றுபோயிருந்தது. பழையது செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அது டிஸ்க்கில் எழுத வந்துவிட்டது. பழையதோ சாகவில்லை, அதுவும் எழுதிக்கொண்டிருந்தது. ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது.

4

புதிய கட்டடத்தில் ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே நர்ஸ் சபிதா திரையைப் பார்த்து, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று வாசித்தாள். கையில் ஊசி மருந்து இருந்தது. என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

“நான் கீழ சொன்னனே,” என்றாள் ஓமனா.

சபிதா போனில் ஞானபாய் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா தன் திரையைப் பார்த்து அந்த வரியை வாசித்தார். சபிதா தன் திரையைப் பார்த்தாள். அங்கே அந்த வரி இல்லை. ஒரே நோயாளி, ஒரே எண். ஒரு திரையில் பென்சிலின் பட்டால் சாகக்கூடிய ஓமனா, இன்னொரு திரையில் எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் ஓமனா. இரண்டுக்கும் நடுவில் என் மனைவி பச்சை அங்கியில் படுத்துக்கிடந்தாள்.

சபிதா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஜிஷாவைக் கூப்பிட்டாள். ஜிஷா கேட்ட மாத்திரத்தில் யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது என்று கத்திக்கொண்டே சர்வர் அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு ஓமனாவில் எது சரி என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“ரெண்டும் சரிதான் அண்ணே. ரெண்டும் தான்தான் மிச்சம்னு நெனச்சு ஒழுங்காத்தான் எழுதுது. ரெண்டும் சேந்து எழுதினா ஒண்ணுமே மிஞ்சாது.”

பிறகு புதிய கட்டடத்து சர்வரின் பவரை அணைத்தாள். அது எந்தத் தப்பும் செய்யவில்லை. பச்சை விளக்கு எரிய நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு யாரோ ஒருவரின் கண்ணை மூடிவிட்டது போலிருந்தது.

(அணைக்க வேண்டியதைத் தானாகவே அணைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.)

டிஸ்க்கைச் சரிசெய்து முடிக்கும்வரை எல்லா ஆப்பரேஷனும் தள்ளிப்போயிற்று. ஓமனாவுக்கு மறுநாள் நடந்தது. நன்றாக இருக்கிறாள். இப்போது பக்கத்து அறையில் இருந்துகொண்டு, இன்னுமா எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள்.

5

என்னை அதிசயத்தில் ஆழ்த்துவது இதுதான். எதிர்ப்பக்கம் சத்தம் நின்றால், அங்கே இருப்பது செத்துவிட்டதா, நடுவில் ஒயர்தான் போய்விட்டதா என்று அறிய ஒரு சர்வருக்கு வழியே கிடையாது. இரண்டுக்கும் ஒரே மௌனம். இதற்கு மனிதன் கண்டுபிடித்த மருந்து, மூன்றாவதாகச் சின்னதாய் ஒரு சாட்சி. அது எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் எழுதலாம். சாட்சியின் சத்தமும் கேட்கவில்லை, எதிர்ப்பக்கத்துச் சத்தமும் கேட்கவில்லை என்றால், அந்த சர்வர் தன்னையே நிறுத்திக்கொள்ள வேண்டும். உயிரோடு, தெம்போடு, எழுத ஆயிரம் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். இப்படியொரு அடக்கத்தை ஒரு பெட்டிக்குள் எழுதிவைத்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் சாட்சி வைத்தாகிவிட்டது. இடிக்குப் பயப்பட வேண்டாத கண்ணாடி இழை கேபிளும் வந்துவிட்டது. ஜிஷா நிர்வாகத்துக்கு, மின்னலால் இணைப்புப் பழுது என்று எழுதிக்கொடுத்தாள். ஞானபாய் அக்காவிடம், இனி எதையும் பிடுங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

6

இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் போன ஞாயிறு, ஆராதனை முடிந்து அக்கா ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு ஓமனாவைப் பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

“அண்ணைக்கு என்னதான் ஆச்சு சாரே? ஆருகிட்ட கேட்டாலும் பேச்ச மாத்துகாவ. நான் எதாவது செய்து போட்டனா?”

நான் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு இன்றைக்கு.

சொல்லக் கூடாது என்கிறாள் ஓமனா. “அந்த வரிய டைப் பண்ணுனதும் அவங்க கைதான். அந்தக் கை இனி நடுங்கப்பிடாது.” சொல்ல வேண்டும் என்கிறேன் நான். கேட்டவருக்குப் பதில் வராவிட்டால் அவர் அந்த மௌனத்தைத் தன் குற்றம் என்றே எடுத்துக்கொள்வார். இப்போதே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜிஷா வாக்களிக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆளுக்கொரு வாக்கு, இரண்டும் சரி. ஆகவே மூன்றாவது நீங்கள். எந்தப் பக்கம் சேர்கிறீர்களோ அதுதான் இந்தக் கதையின் முடிவு.

ஒரே ஒரு சிக்கல். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒயர் இல்லை. உங்கள் வாக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. சாட்சியின் சத்தம் கேட்காத நேரத்தில் எழுதுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதுதான் உங்களிடம் சொன்னேன்.

கேட் திறக்கும் சத்தம். ஓமனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள். அக்கா உள்ளே வந்து உட்காருகிறார். பழச்சீப்பை மேசையில் வைக்கிறார். என் முகத்தையே பார்க்கிறார். நான் அவரிடம்