தாங்குற வரைக்கும்

இன்ஜினைப் பிரித்துப் போட்ட மேசைக்கு முன்னால் நின்றால் சாந்தினிக்கு உடம்பு லேசாகிவிடும். ஜெலுத்தோங் பட்டறையின் தகரக் கூரையில் வெயில் கொதிக்கும், வாசலில் மோட்டார் சைக்கிள்கள் கத்திக்கொண்டு போகும். அவளுக்கு எதுவும் கேட்காது. ஒரு இரும்புத் தட்டு, அதன்மேல் அலுமினியக் கூடு, மறுபடி தட்டு, மறுபடி கூடு, கடைசியில் இன்னொரு தட்டு. ஐந்து அடுக்கு. கூட்டுக்குள் பிஸ்டன் கிடையாது. கன்னம் உப்பிய முக்கோணம் ஒன்று வளைந்து வளைந்து சுற்றும், அவ்வளவுதான். மேலும் கீழும் மோதிக்கொள்கிற மற்ற இன்ஜின்களெல்லாம் சண்டைக்காரர்கள், இந்த ரோட்டரி மட்டும் தூக்கத்தில் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். சில நாள் கனவில் அந்த முக்கோணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கடல்மேல் போவாள். எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றாது.

"கனவு கண்டது போதும் பிள்ள," என்றார் பட்டறை முதலாளி ஜெயராஜ். "தட்டு ஏன் உடையுதுன்னு சொல்லு."

இரண்டு தடவை உடைந்திருந்தது. கார் ஹைக்கலுடையது. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர் மகன், கல்லாவில் உட்காரச் சொன்னால் காருக்குள் போய் உட்காருகிறவன். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பெரிதாகப் போட்டு, பூஸ்டை, அந்தக் காற்றழுத்தத்தை, ஏற்றிக்கொண்டே போனான். நானூறு குதிரை சக்தியைத் தாண்டியதும் பின்பக்கத் தட்டில் அதே மூலையில் விரிசல். ஜெயராஜ் ஐந்து அடுக்கையும் கோத்துப் பிடிக்கிற நீளப் போல்ட்டுகளை இன்னும் இறுக்கினார். திரும்ப உடைந்தது. பெட்ரோலைக் குறை சொன்னார்.

சாந்தினிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "போல்ட்ட இறுக்கி ஒண்ணும் ஆகாதுண்ணே. அது அடுக்க அமுக்கத்தான் செய்யும். பவர் ஏறினா அடுக்கு திருகுது. ஒண்ணு இந்தப் பக்கம் போவுது, ஒண்ணு அந்தப் பக்கம். நகரவிடாம குறுக்க நிக்க ஆள் வேணும். கம்பெனிக்காரன் அவன் குடுத்த பவருக்கு ரெண்டே ரெண்டு இரும்புப் பின் வெச்சிருக்கான். நாம அஞ்சு அடுக்கையும் சேத்துத் தொளைச்சு இன்னும் கொஞ்சம் பின் போடணும். விரல் தடிமன்ல, நல்ல எஃகுல."

"தொளைச்சிட்டா இந்தத் தட்டு வேற இன்ஜினுக்கு உதவாது லா. இப்பல்லாம் கிடைக்கிறதே கஷ்டம்."

"உடைஞ்சா மட்டும் உதவுமா?"

ஜெயராஜ் கைத்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சரி, உன் வழியே போவோம். ஆனா மூணாவதும் போச்சுன்னா ரோட்டரி வேலைய நான் விட்டுருவேன். நீயும் வேற இடம் பாத்துக்க."

வேற இடம் என்றால் பழைய இடம்தான். பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் குளிர்சாதன அறை, கழுத்தில் அட்டை, கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகிற இயந்திரம், தொட விடமாட்டார்கள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அது கைக்கு வந்த நாளிலிருந்து "படிச்ச பிள்ள, அது தாங்கும்" என்பது வீட்டுப் பேச்சாகிப் போனது. தம்பி கோகுலனின் காலேஜ் அவள் பொறுப்பு. சொந்தக்காரர் எல்லாருடைய விண்ணப்ப ஃபாரங்களையும் நிரப்புவது, ஆஸ்பத்திரியில் மலாயில் பேசுவது, தண்ணீர் வரவில்லை என்றால் ஃபிளாட் ஆபீசில் போய்ச் சண்டை போடுவது, எல்லாம் அவள்தான். அவளுக்குத் தாங்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஃபேக்டரியை விட்டு எண்ணெய்க் கையோடு நின்றதற்கு அம்மா புஷ்பவள்ளி ஒரு மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியதும் கேட்ட முதல் கேள்வி, அங்கே திரும்பக் கூப்பிட்டார்களா என்பது.

துளைத்த அன்று மழை. அடுக்குகளைச் சேர்த்துக் கட்டி இயந்திரத்தில் ஏற்றி, இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் ஓடும் அறைகளைத் தவிர்த்துப் புள்ளி குறித்து, நீளத் துளைக்கருவியை மெதுவாக இறக்கினாள். இரும்பு சுருள் சுருளாக எழுந்து வந்தது. தட்டிலிருந்து கூட்டுக்குப் போகும்போது சத்தம் மாறும், கனத்த குரலிலிருந்து மெல்லிய குரலுக்கு. மறுபடி கனக்கும். ஐந்து அறை உள்ள ஒரு வீட்டுக்குள் கதவு கதவாகத் திறந்துகொண்டு போவது போல இருந்தது. கூரை மேல் மழையும் கீழே துளைக்கருவியும் ஒன்றாகிவிட்டன. பின்னை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது ஒரு சின்ன மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனது.

இன்ஜினின் சக்தியை அளக்கிற டைனோ சோதனை, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில். உருளைகளின் மேல் காரை ஏற்றி நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டினார்கள். கார் ஓடும், நகராது. ஹைக்கல் உள்ளே உட்கார்ந்தான். சாந்தினி பக்கத்தில் லேப்டாப்போடு நின்றாள். போனில் அம்மா எழுதியிருந்தாள்: சித்தப்பா மகள் மோகனா அடுத்த வாரம் வர்றா. உன் ரூம்லதான். பரீட்சை முடியற வரைக்கும் சனி ஞாயிறு நீதான் பாத்துக்கணும். சரின்னு சொல்லிட்டேன்.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நானூறு. ஜெயராஜ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். நானூற்றைம்பது. ஐந்நூறு. சத்தம் ஒரே நீளக் கோடாக ஏறியது. அந்தக் கோட்டுக்குள் எல்லாம் மெதுவாகிவிட்டது. அவளுக்கு இரும்பு கண்ணாடியாகத் தெரிந்தது. உள்ளே தட்டுகள் திருகப் பார்க்கின்றன, பின்கள் சுவரில் தோள் கொடுத்து நிற்கின்றன, ஒன்றும் முனகவில்லை. ஐந்நூற்றைம்பது. அவள் கணக்குப் போட்ட இடம். கையைத் தூக்கினாள். ஹைக்கல் காலை எடுத்தான்.

"அக்கா," என்று இறங்கி ஓடிவந்தான். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அக்கா."

ஜெயராஜ் சிரித்துவிட்டார். "நம்ம பொண்ணுடா," என்றார். இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

"இப்ப அறுநூத்தம்பதுக்கு ஏத்துவோம்," என்றான் ஹைக்கல்.

"இல்ல."

"ஏன்கா? பின்தான் இருக்கே."

"இதுக்குத்தான் இருக்கு. அதுக்கு இல்ல."

"அப்ப இன்னும் நாலு பின் போடுங்க."

சாந்தினிக்கு வழக்கமாக இந்த இடத்தில் குரல் ஏறும். இன்று ஏறவில்லை. கோபம் எங்கேயோ அடியில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. "ஒவ்வொரு பின்னுக்கும் எடம் அந்த இரும்புலேருந்துதான் தோண்டி எடுக்குறேன், ஹைக்கல். இப்பவே தண்ணி ஓடுற செவுரு மெலிசாயிருச்சு. இன்னும் பலப்படுத்துறேன்னு தொளைச்சா, பலப்படுத்த அங்க ஒண்ணும் இருக்காது."

"என் கார்தானே?"

"உங்க கார்தான்." லேப்டாப்பை அவன் கையில் வைத்தாள். "பூஸ்ட் எங்க ஏத்துறதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏத்துங்க. இந்தத் தடவ தட்டு உடையாது. முன்பக்கக் கூடு பொளக்கும், கீழ. தண்ணி உள்ள போவும். நான் பாக்கமாட்டேன்."

"கஸ்டமர்மா," என்றார் ஜெயராஜ் தணிந்த குரலில்.

"தெரியும்ணே. வேற எடம் பாக்கணும்னா பாத்துக்குறேன்."

வெளியே வந்தாள். சாலைக்கு அப்பால் செம்பனை மரங்கள், அவற்றின்மேல் கருத்து நிற்கிற வானம். ஒரு லாரி போனது. உள்ளே இன்ஜின் உயிர்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி இரும்பு கண்ணாடியானது, மறுபடி அந்தத் தோள்கள். சத்தம் ஏறியது. ஏறி, அவளுக்குத் தெரிந்த அந்த உயரத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது போல, மெதுவாக இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெயராஜ் வந்து பக்கத்தில் நின்றார். "நீ வெச்ச அளவுலயே இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தான். ஏத்தல."

"ஏன்?"

"பயந்துட்டான். நீ கத்தாம சொன்னியா, அதான்." கைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கூலிம்லேருந்து ஒருத்தன் போன் பண்ணான். அவனும் ரோட்டரிதான். திங்கக்கிழம காரக் கொண்டாரான். எழுநூறு வேணுமாம்."

"கேக்கட்டும். எவ்வளவு தாங்கும்னு நான் சொல்றேன்," என்றாள் சாந்தினி.