மிக்கேல்ராஜின் இருபத்திரண்டாம் வாரம்

திண்டுக்கல் நகரத்தாருக்கும், கன்னிவாடி முதல் கொடைரோடு வரை பரவிக் கிடக்கும் உற்றார் உறவினருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது என்னவென்றால்: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் திரு. அ. மிக்கேல்ராஜ் எம்.ஏ., பி.எட். அவர்கள், இறைவன் அருளால், கன்னியாகுமரிக் கடற்கரையில், கடல் பார்த்த பால்கனியுடன் சொந்த வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் மந்திரிப்பு விழா 2001ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நிகழவிருப்பதால், அனைவரும் குடும்பத்துடன் வருக.

அழைப்பிதழில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. ‘சொந்த வீடு’ என்ற இரண்டு சொற்களுக்கு மட்டும் தங்க மை.

தங்க மைக்குக் காரணம் இருந்தது. மிக்கேல்ராஜ் இருபத்து மூன்று வருடமாகப் பேகம்பூரில் ஜெய்தூன் பீவியின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். மனைவி சகாயராணியின் தம்பி இனிகோவோ சிமெண்டுக் கடைக்காரர். மூன்று மாடி கட்டி, அதற்கு மேலும் ஓர் அறை எழுப்பி, “சிமெண்டு மிஞ்சிப் போச்சு, என்ன செய்ய?” என்று வருத்தப்படுகிறவர். எந்த விசேஷத்திலும் இலை போட்டு உட்கார்ந்ததும், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வருவதற்கு முன்னால் இனிகோவின் கேள்வி வந்து விழும்.

“என்ன மச்சான், இந்த வருசமாச்சும் ஒரு சொவத்த எழுப்புனீங்களா? இல்ல, பீவியம்மா மாடியிலேயே பென்சனும் வாங்கிருவீங்களா?”

பந்தி முழுக்கச் சிரிக்கும். தலைமையாசிரியர் அப்பளத்தை நொறுக்குவார்.

இந்த நிலையில்தான் மதுரையில் ஒரு ஓட்டலுக்கு வரச்சொல்லி, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட தம்பதியருக்கு’ என்று ஒரு கடிதம் வந்தது. போனார்கள். டை கட்டிய ஒருவர் நான்கு மணி நேரம் பேசினார். சாப்பாடு இலவசம், சூட்கேஸ் இலவசம். கடைசியில் ரிப்பன் கட்டிய ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். அதில் ‘ஓனர்’ என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்தது. மிக்கேல்ராஜ் அந்தப் பதினேழுக்கும் சிவப்பு மையில் கோடு போட்டார். மிச்சத்தை, பையன்களின் கட்டுரை நோட்டைத் திருத்துவது போலவே திருத்தினார். அதாவது, பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பினார்.

சொந்த வீடு என்றால் மந்திரிக்க வேண்டும். சாமியார் வந்து, ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பால் பொங்கி வழிந்தால்தான் அது வீடு. அதுவரை வெறும் கட்டடம். பங்குச் சாமியார் இருதயநாதன், “ஏம்ப்பா, அம்புட்டுத் தூரமா?” என்று முதலில் தயங்கினார். கடலில் குளிக்கலாம் என்றதும், “ஆன்மிகக் கடமைக்குத் தூரம் ஏது?” என்றார்.

விடியக்காலையில் இரண்டு வேன் கிளம்பியது. சாமியாரோடு சேர்த்து முப்பத்தொரு பேர். புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? நான்கு சுவர்க் கடிகாரம், இரண்டு எவர்சில்வர் குடம், கண்ணாடி போட்ட இருதய ஆண்டவர் படம். ஜெய்தூன் பீவி ஓர் அண்டா பிரியாணியோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“நீங்களுமா பீவியம்மா?” என்றாள் சகாயராணி.

“பின்ன? வாத்தியாரு எப்பக் காலி பண்றாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? அந்த வீடு என் வீட்ட விடப் பெருசான்னும் பாக்கணும்.”

கொடைரோடு தாண்டுவதற்குள் இனிகோ ஆரம்பித்துவிட்டார்.

“மச்சான், வீட்டுக்குக் கம்பி என்ன கம்பி? அஸ்திவாரம் எத்தன அடி?”

“கடல்காத்துக்கு ஏத்த மாதிரி போட்டிருக்காங்க மாப்ள.”

“பட்டா யாரு பேர்ல?”

“ஏலே, செத்த நேரம் வாய மூடிட்டு வாடா,” என்றாள் அக்கா. “போயி கண்ணால பாரு.”

மிக்கேல்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த இனிகோவின் வாயிலிருந்து ‘மச்சான் வீடு’ என்று வந்துவிட்டால் போதும். அதற்குத்தான் இரண்டு வேன், தங்க மை, சாமியார் எல்லாம்.

வேன்கள் போய் நின்ற இடம் ‘கடல் முத்து’ என்ற ரிசார்ட். மேனேஜர் பிராங்கிளின் பழச்சாறுத் தட்டோடு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். தட்டில் நான்கு கிளாஸ் இருந்தது. முதல் வேனிலிருந்து பதினாறு பேர் இறங்கியதும் சிரிப்பு பாதியானது. இரண்டாவது வேனிலிருந்து அண்டா இறங்கியதும் மீதியும் போனது.

“சார், உங்க யூனிட்ல நாலு பேர்தான் இருக்கலாம்.”

“தம்பி, நான் ஓனர்,” என்றார் மிக்கேல்ராஜ், காலை அசெம்பிளிக் குரலில். “வீடு மந்திரிக்க வந்திருக்கோம். படம் மாட்டணும். ஒரு சுத்தியல் குடுங்க.”

“ஆணி அடிக்கக் கூடாது சார்.”

“என் வீட்டுச் சொவத்துல நான் ஆணி அடிக்கக் கூடாதா?”

பிராங்கிளின் பாவம், நல்ல மனிதர். சாமியாரைப் பார்த்ததுமே சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை மறைத்திருந்தார். மிக்கேல்ராஜின் பத்திரத்தை வாங்கி, சிவப்புக் கோடு விழாத இடமாகப் பார்த்து விரலை வைத்தார்.

“நீங்க ஓனர்தான் சார், இல்லேங்கல. ஆனா வீட்டுக்கு இல்ல. வாரத்துக்கு. வருசத்துல இருபத்திரண்டாவது வாரம் உங்களுது. மத்த அம்பத்தோரு வாரத்துக்கும் வேற வேற ஓனருங்க இருக்காங்க.”

முப்பது பேரும் மூச்சு விடவில்லை. இனிகோ விட்டார்.

“அப்ப மச்சான் வாங்குனது வீடு இல்ல! காலண்டரு!”

சின்னம்மாக்களும் பெரியப்பாக்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய வாய்களுக்குள் என்ன நடந்தது என்று தோள்கள் குலுங்கியதில் தெரிந்தது. முப்பது வருடம் மைக் இல்லாமல் எண்ணூறு பையன்களை அடக்கிய மனிதர், படத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்.

சகாயராணி பால் பானையைத் தம்பியின் கையில் திணித்தாள்.

“காலண்டருன்னா காலண்டருதான். உன் வீட்டுக் காலண்டர்ல உனக்குன்னு ஒரு வாரம் இருக்காடா? கடைக்கும் வீட்டுக்கும் ஓடுறதுலேயே தேதி கிழிஞ்சு போகுது உனக்கு. சாமி, எங்க வாரத்த மந்திரிங்க.”

சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டுக்கு ஜெபம் இருந்தது. கிணறு, வயல், வண்டி, விதைநெல் எல்லாவற்றுக்கும் இருந்தது. வாரத்துக்கு இல்லை.

“படகுக்கு ஒண்ணு இருக்கு,” என்றார். “கடல் தெரியிற எடம்தான. அதையே சொல்லிருவோம்.”

பிராங்கிளின் தொண்டையைக் கனைத்தார். “நாலு பேருக்கு மேல உள்ள போகக் கூடாது சாமி.”

“சாமியாருமா அந்த நாலுல ஒண்ணு?” என்றாள் சகாயராணி.

“ரூல்ஸ்ல குருவானவருக்குத் தனியா எதுவும் போடல.”

ஆகவே வீடு மந்திரிப்பு வரலாற்றில் முதல்முறையாக, சாமியார் நிரந்தரம், மற்றவர்கள் மூன்று மூன்று பேராக. பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் படகு ஜெபம், ஒவ்வொரு தடவையும் தீர்த்தம். ஆறாவது தடவையில் தீர்த்தம் தீர்ந்து, குளியலறைக் குழாயில் பிடித்து, அதை மந்திரித்து, மறுபடி தொடங்கினார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள் பிரியாணியைத் தின்றுகொண்டே நகர்ந்தார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று சொல்ல வந்த பிராங்கிளினுக்கும் ஒரு தட்டு கிடைத்தது. அதன்பின் அவர் விதி எதையும் சொல்லவில்லை.

மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது உள்ளே இருந்தது ஜெய்தூன் பீவி. குலவை போட்டது அவர்தான். பிறகு குளியலறை, பால்கனி, அலமாரி எல்லாம் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்.

“வீடு சின்னதுதான். ஆனா சன்னலத் தொறந்தா கடலு. என் வீட்டு சன்னலத் தொறந்தா இனிகோ தம்பி சிமெண்டு லாரி.”

கடைசி மூன்று பேரில் ஒருவர் இனிகோ. உள்ளே போனார். ஏ.சி. முகத்தில் அடித்தது. கட்டில் மெத்தையைச் சோதிப்பதற்காக உட்கார்ந்தார். ஜெபம் பாதி போகையில் சாய்ந்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் குறட்டை வந்தது.

மற்றவர்கள் கடலுக்கு ஓடினார்கள். சாமியார் அங்கியை மடித்து வைத்துவிட்டு, கால்சட்டையோடு முதல் ஆளாக இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பாக்களை அலை புரட்டிப் போட்டது. சகாயராணி புருஷன் கையைப் பிடித்து இழுத்து, முழங்கால்வரை வந்த தண்ணீரில் எண்ணூறு பையன்களின் தலைமையாசிரியரை உட்கார வைத்தாள். அடுத்த அலை அவர் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனது. அதற்கடுத்தது திருப்பிக் கொடுத்தது. மிக்கேல்ராஜ் சிரித்த சத்தம் சாமியார்வரை கேட்டது.

சாயங்காலம் வேன்கள் கிளம்பத் தயாராகின. சாமியாருக்கு மறுநாள் பூசை. இனிகோவை எழுப்பப் போன மிக்கேல்ராஜ் கதவருகிலேயே நின்றுவிட்டார். மச்சினன் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து, அறைத் தொலைபேசியை மடியில் வைத்து, திண்டுக்கல்லில் கடைக் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

“ஏலே பொம்மையா, கடைய நீயே பாத்துக்க. நான் ஒரு வாரம் கழிச்சு வாரேன்... எங்க இருக்கேனா? மச்சான் வீட்டுலப்பா! ஆமா, சொந்த வீடு. என்னமா காத்து வருதுங்கிற!”

மிக்கேல்ராஜ் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போய், வேனில் இருந்த எல்லோருக்கும் தானே கையசைத்து வழியனுப்பினார். வீட்டுக்காரர் என்றால் வாசலில் நின்றுதான் வழியனுப்ப வேண்டும். படத்தை ஆணி இல்லாமல் டி.வி. மேல் சாத்தி வைத்தார். இனிகோவுக்குக் கட்டிலைக் கொடுத்து, ஏழு நாளும் போர்வையைத் தரையில் விரித்துப் படுத்தார். காலையில் பால்கனியில் நின்று, போகிற மீன்பிடிப் படகுகளையெல்லாம் தன் வீட்டு வாசலில் போகிற ஆட்கள் போல விசாரித்தார். அக்காவும் தம்பியும் சீட்டாடினார்கள். அவ்வளவு சந்தோஷமான வாரம் அந்தக் குடும்பத்தில் அதுவரை நடந்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.